மறுபூஜைக்கு மாட்டிய ஹார்ட் டிஸ்க்

எங்கள் ஸ்டூடியோ ஸ்ரீரங்கத்தில், அம்மா மண்டபம் ரோட்டில் இருக்கிறது. முதலாளி அழகிரி அண்ணன் கல்யாண வீடியோ எடுப்பதில் கெட்டிக்காரர். கம்ப்யூட்டர் விஷயத்தில் மட்டும் யார் சொன்னாலும் காதில் ஏறாது. அவற்றைப் பார்த்துக்கொள்ளத்தான் எனக்குச் சம்பளம். கத்திக் கத்தித் தொண்டை வறண்டதுதான் மிச்சம்.

கடையில் இருக்கும் கம்ப்யூட்டர்கள் எல்லாம் ஒரே நெட்வொர்க். ஒரு வீட்டில் ஒருவருக்குக் காய்ச்சல் வந்தால் மற்றவர்களுக்கும் வருகிற மாதிரி, ஒன்றில் வைரஸ் புகுந்தால் எல்லாவற்றுக்கும் பரவும். அதனால்தான் எல்லா வீடியோவுக்கும் ஒரு நகல் எடுத்து, தனி ஹார்ட் டிஸ்க்கில் போட்டு, எதனோடும் இணைக்காமல் பீரோவில் வைத்திருந்தேன்.

ஆயுத பூஜைக்கு முந்தின நாள், கொரியர் திரும்பிப் போகிறது என்று யாரோ அனுப்பிய மெயிலை அண்ணன் திறந்து தொலைத்தார். அவருடைய கம்ப்யூட்டர் திணற ஆரம்பித்தது. உடனே அணைத்து, கேபிளைப் பிடுங்கி, ‘நான் வரும்வரை தொடாதீர்கள்’ என்று எழுதி ஒட்டிவிட்டுத்தான் லீவில் திருவெள்ளறைக்குப் போனேன்.

திரும்பி வந்து பார்த்தால் எல்லாத் திரையிலும் ஒரே சிவப்பு அறிவிப்பு. பணம் அனுப்பினால்தான் ஃபைல்கள் திறக்குமாம்.

“என்னண்ணே பண்ணீங்க?”

“பூஜையில எல்லாத்தையும் வெச்சேன் யாழினி. கேமரா, லைட்டு, உன் ஹார்ட் டிஸ்க்கு, எல்லாம். விஜயதசமி அன்னைக்கு மறுபூஜை போட்டு, வெச்சதையெல்லாம் ஒரு தடவை ஓட்டிப் பாக்கணும்ல? அதான் எல்லாத்தையும் மாட்டி ஆன் பண்ணேன்.”

“நான் ஒட்டுன பேப்பரு?”

“துடைக்கும்போது கிழிச்சிட்டேம்மா.”

டிஸ்க்கின் மேல் சந்தனம், குங்குமம். கேமரா கார்டுகளையும் அடுத்தடுத்த கல்யாணங்களுக்காக எப்போதோ அழித்தாகிவிட்டது. இனி எங்கே போய்த் தேடுவது?

அந்த நேரம் பார்த்து ஜீயபுரத்திலிருந்து மகாலட்சுமி வந்தாள். வைகாசியில் அவளுக்குக் கல்யாணம். ஆடியில் அவள் அப்பா இறந்துபோனார்.

“ஆல்பம் மெதுவா குடுங்க. ரிசப்ஷன்ல அப்பா மைக்ல பேசினாரே, அதை மட்டும் போன்ல ஏத்திக் குடுத்திடுங்க. அவர் குரல் எங்ககிட்ட வேற எங்கயும் இல்லீங்க.”

“ரெண்டு நாள் கழிச்சு வாம்மா” என்று அண்ணன் இழுத்தார். எனக்குப் பொறுக்கவில்லை.

“எப்ப வந்தாலும் கிடைக்காதுங்க. யாரோ எல்லாத்தையும் பூட்டிட்டாங்க. சாவி அவங்ககிட்ட இருக்கு.”

அவள் அழுவாள், இல்லை சண்டை போடுவாள் என்று நினைத்தேன். திரையையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

“அப்பா பேசினது இதுக்குள்ளதான் இருக்கா?”

“இருக்குங்க. திறக்கத்தான் முடியாது.”

“அப்ப அழிச்சிடாதீங்க.”

எல்லாவற்றையும் அழித்துவிட்டு அன்று சாயங்காலமே சாஃப்ட்வேரைப் புதிதாக ஏற்றுவதாக இருந்தேன்.

“அழிக்க மாட்டேங்க” என்றேன்.