சித்திரை கழிய

மாமியின் வலது கை விரிய மறுத்தது. குளிப்பாட்ட வந்த பெண்கள் ஆளுக்கொரு தரம் விரல்களைப் பிரித்துப் பார்த்துவிட்டார்கள். உள்ளங்கைக்குள் இருந்த தேசிக்காய் பாதி தெரிந்தது, வெளியே வரவில்லை.

"விடுங்கோ, முறிச்சுப் போடாதேங்கோ. நான் எடுக்கிறன்" என்று மருமகள் சிவரூபி முன்னுக்கு வந்து உட்கார்ந்தாள். இளஞ்சூட்டுத் தண்ணீரை அந்தக் கையின்மேல் மெதுவாக ஊற்றி, விரல் மொழிகளைத் தன் பெருவிரலால் நீவிக்கொண்டே இருந்தாள். கொஞ்ச நேரத்தில் விரல்கள் இளகின. நகத் தழும்புகளோடு தேசிக்காய் அவள் மடியில் விழுந்தது. எலுமிச்சை வாசம் இன்னும் போகவில்லை.

"உயிரை விட்ட மனுசி இதை விடேல்லை, பாரன்" என்றாள் ஒருத்தி.

சிவரூபி அதைச் சேலைத் தலைப்பில் முடிந்துகொண்டாள். தேசிக்காய் இல்லாமல் மாமி அழகம்மா எந்த வாகனத்திலும் ஏறியதில்லை. வவுனியா பஸ்ஸில் ஓமந்தை வருவதற்குள் குமட்டி, இரண்டு தரம் சத்தி எடுக்கிற உடம்பு அது. இன்று விடியக்காலை நெஞ்சு நோகிறது என்றதும் மகன் நிஷாந்தன் அவரைத் தூக்கி ட்ராக்டர் பெட்டியில் படுக்கவைத்தான். அவரோ இடது கையால் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு, வலது கையால் வேலியோரத்துத் தேசி மரத்தைக் காட்டினார். அவன் ஓடிப்போய் ஒன்று பிடுங்கிக் கையில் கொடுத்த பிறகுதான் வண்டியை எடுக்க விட்டார். நெடுங்கேணி ஆஸ்பத்திரி வாசலுக்கு முன்னமே எல்லாம் முடிந்துவிட்டது. சாகப்போகிற நேரத்திலும் சத்தி வந்துவிடுமோ என்று பயந்த மனுசியை நினைக்கச் சிவரூபிக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. கடைசியில் அழுதாள்.

கொரோனாவின் இரண்டாவது வருசம் அது. ஒரு நேரத்தில் இருபத்தைந்து பேருக்கு மேல் நிற்கக்கூடாது என்று கிராம சேவையாளர் சொல்லிவிட்டுப் போயிருந்தார். சனம் முகக்கவசத்தோடு முறைவைத்து வந்தது, அழுதது, போனது. நிஷாந்தனின் கையைப் பிடிக்க முடியாத குறைக்கு எட்ட நின்று தலையசைத்தவர்கள் எல்லாரும் போகும்போது அந்தக் கேள்வியையும் கேட்டார்கள்.

"கப்பல் எப்பவாம் தம்பி ஓடுது?"

ஊருக்கு அது பழகிப்போன கேள்வி. நிஷாந்தன் ஒரு உல்லாசக் கப்பலில் சலவைப் பகுதியில் வேலை செய்தவன். நோய் பரவத் தொடங்கியதும் கப்பல்காரர்கள் ஆட்களைக் கொழும்பில் இறக்கிவிட்டு, சொல்லியனுப்பும்போது வாருங்கள் என்றார்கள். அதிலிருந்து ஒவ்வொரு மாதமாகச் சொல்லியனுப்பிக்கொண்டுதான் இருந்தார்கள். வைகாசியில் ஓடும் என்றார்கள், பிறகு ஆவணி, பிறகு தை. கப்பல் மட்டும் ஓடவில்லை. அவன் ட்ராக்டர் ஓடினான்.

மற்ற வீடுகளாக இருந்தால் சம்பளம் நின்றுபோன கவலையோடு விட்டிருப்பார்கள். இந்த வீட்டுக் கவலை வேறு. வேலைக்காரரின் தாய் தகப்பனுக்குக் குறைந்த கட்டணத்தில் ஒரு பயணம் தருவது கம்பனியின் வழக்கம். கொழும்பில் ஏறினால் கொச்சியில் கப்பல் ஒரு பகல் முழுக்க நிற்கும். அந்தப் பகலுக்கு அழகம்மாவின் அக்கா மீனம்மா கோத்தகிரியிலிருந்து இறங்கி வந்து துறைமுகத்தில் நிற்பாள். இவ்வளவுதான் திட்டம். சகோதரிகள் இருவரும் ஒருவரையொருவர் நேரில் கண்டு நாற்பது வருசத்துக்குக் கிட்ட ஆகிறது.

அதுவும் ஒரு கப்பல் செய்த வேலைதான். தேயிலைத் தோட்டத்துச் சனத்தை இந்தியாவுக்கு அனுப்பிய காலத்தில் மீனம்மாவின் குடும்பம் முந்திப் போய்விட்டது. அழகம்மாவும் புருசன் கணபதியும் இருந்ததை எல்லாம் விற்றுவிட்டுத் தலைமன்னாருக்கு வந்து சேர்ந்தபோது, சண்டையால் கப்பலை நிறுத்திவிட்டார்கள். நாளைக்கு ஓடும், அடுத்த கிழமை ஓடும் என்று யாரோ சொல்லச் சொல்லக் கடற்கரையில் காத்திருந்தார்கள். திரும்பிப் போகத் தோட்டத்தில் அவர்களுடைய லயத்து அறையில் வேறு ஆட்கள் இருந்தார்கள். கடைசியில் தெரிந்தவர்களோடு வன்னிக்கு வந்து, காடு வெட்டி, நெடுங்கேணியில் தோட்டம் செய்யத் தொடங்கினார்கள். அந்தக் கப்பல் இன்றுவரைக்கும் ஓடவில்லை. விமானத்தில் போகலாமே என்று நிஷாந்தன் கேட்டபோது அழகம்மா அந்தப் பேச்சையே எடுக்கவிடவில்லை. பாதியில் விட்டது கப்பல் பயணம், மீதியும் கப்பலில்தானாம்.

நோய் வந்து பயணம் நின்றபோது வீட்டில் எல்லாருடைய முகமும் செத்துப்போயிற்று. அழகம்மா மட்டும் அசையவில்லை. "ஓடும்டா. கடலு வத்தியா போச்சு?" என்று மகனை அதட்டினார். வன்னிக்கு வந்து எவ்வளவு காலமானாலும் கோபத்திலும் சந்தோசத்திலும் அவருக்கு மலைநாட்டுப் பேச்சுத்தான் வரும். ட்ராக்டர் பெட்டியில் தேசிக்காயும் கையுமாக, கண்ணை இறுக மூடிக்கொண்டு சந்தைக்குப் போய்வருவார். கேட்டால் அலைக்குப் பழகுகிறாராம். ஊர் சிரித்தது. அவரும் சேர்ந்து சிரித்தார்.

போன மாதம் மிளகாய்க் கன்று நடும்போது சிவரூபி கேட்டாள். "கப்பல் திடீரெண்டு ஓடினா இதையெல்லாம் ஆர் மாமி பாக்கிறது?"

"நீ பாப்ப. அந்தத் தடவ கப்பலு கப்பலுன்னு சட்டி பானையக்கூட வித்துப்புட்டுக் கரையில குந்தியிருந்தோம். இந்தத் தடவ ஒரு கோழியக்கூட விக்க மாட்டேன். அது வர்றப்ப வரட்டும். இனிமே எந்தக் கப்பலுக்கும் குந்தியிருக்க மாட்டேன், ஆமா."

பின்னேரம் உடல் சுடலைக்குப் போயிற்று. பெண்கள் வீட்டைக் கழுவி முடித்தார்கள். ஆண்கள் திரும்பி வந்து கிணற்றடியில் குளித்துவிட்டு முற்றத்துக் கதிரைகளில் இருந்தார்கள். சிவரூபி குசினியில் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டிருந்தாள். அவளுடைய தகப்பன் அப்புத்துரைக்குச் சடங்கு சம்பிரதாயம் எல்லாம் அத்துப்படி. யார் வீட்டுச் சாவானாலும் அடுத்த நாள் வேலையை அவர்தான் சொல்லுவார்.

"காலமை காடாத்து. சாம்பலை அள்ளினவுடன அப்பிடியே முல்லைத்தீவுக் கடலுக்குப் போவம். வாடகை வானுக்குச் சொல்லிப்போட்டன்."

"கடலுக்கு வேண்டாம் சம்மந்தி" என்றார் கணபதி.

சுடலையால் வந்ததிலிருந்து அவர் வாய் திறந்தது அப்போதுதான். எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"சாம்பலை ஒரு மண்முட்டியில போட்டு வாயைக் கட்டி, முத்தத்துப் பாலை மரத்தில தூக்குவம். கப்பல் ஓடேக்க நான் கொண்டுபோவன். கொச்சியில அவளின்ர அக்காவின்ர கையில குடுப்பன்."

"என்ன கதை கதைக்கிறியள்? மரத்தில தூக்கினா ஒரு நாள், ரெண்டு நாள். கணக்கில்லாமல் தூக்கி வைக்கிறதோ? அந்த ஆத்மா எங்க போறது?"

"எங்கயும் போகாது. கப்பலுக்குத்தானே நிண்டவள். இன்னும் கொஞ்ச நாள் நிப்பாள்." கணபதி மகன் பக்கம் திரும்பினார். "நீ சொல்லு. எப்ப ஓடும்?"

தேத்தண்ணித் தட்டோடு சிவரூபி குசினி வாசலில் நின்றுவிட்டாள். நிஷாந்தன் என்ன சொல்லப்போகிறான் என்று அவளுக்குத் தெரியும். தகப்பன் கேட்கும்போதெல்லாம் அவன் கம்பனி சொன்ன மாதத்தைச் சொல்லுவான். கம்பனி ஒன்றும் சொல்லாவிட்டால் தானே ஒன்றைச் சொல்லுவான். பெற்றவர்களின் முகம் வாடக்கூடாது என்ற நல்ல மனம்தான். இப்போதும் ஆவணி என்று ஒரு சொல் சொன்னால் போதும், முட்டி மரத்தில் ஏறிவிடும். ஆவணியில் மார்கழி என்பான். தலைமன்னார்க் கரையில் குந்தியிருந்ததுபோல மாமி பாலை மரத்தில் குந்தியிருப்பார்.

நிஷாந்தன் நிமிர்ந்து அவளைப் பார்த்தான். பிறகு தகப்பனைப் பார்த்தான்.

"தெரியாதப்பா" என்றான். "கொம்பனிக்காரருக்கே தெரியாது. நான் சொன்ன மாசம் ஒண்டும் சரிவரேல்ல. இனி ஒரு மாசமும் சொல்ல மாட்டன்."

சிவரூபி தட்டைக் கீழே வைத்தாள்.

"மாமா, மாமி ஒருக்காக் கடற்கரையில குந்தியிருந்தவா. இனி ஒரு கப்பலுக்கும் குந்தியிருக்க மாட்டன் எண்டு எனக்குச் சொன்னவா. மரத்தில கட்டி இருத்திப்போடாதேங்கோ."

ஆண்கள் கதைக்கிற இடத்தில் உனக்கென்ன என்பதுபோலத் தகப்பன் முறைத்தார். அவள் அதைக் கவனிக்கவேயில்லை. கணபதி எழுந்து வீட்டுக்குப் பின்னால் போனார். சற்று நேரத்தில் வாளிச் சத்தம் கேட்டது. மிளகாய்ப் பாத்திக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். செத்த வீட்டன்று தோட்ட வேலை செய்வதில்லை, ஆனால் யாரும் போய்த் தடுக்கவில்லை. கடைசிப் பாத்தியும் நனைந்த பிறகு முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து கதிரையில் இருந்தார்.

"வான் எத்தினை மணிக்கு வரும் சம்மந்தி?" என்று கேட்டார்.

சாம்பல் கரைக்கக் கடலுக்குப் பெண்கள் போகிற வழக்கம் அவர்கள் பக்கத்தில் இல்லை. அடுத்த நாள் காலை சிவரூபி யாரையும் கேட்கவில்லை, வானில் ஏறி இருந்தாள். ஒட்டுசுட்டான் தாண்டி ரோடு குலுக்கத் தொடங்கியதும் கணபதி மடியிலிருந்த முட்டியை இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டார். மெதுவாக ஓட்டச் சொல்லிச் சாரதிக்கு இரண்டு தரம் சொன்னார்.

முல்லைத்தீவில் வெயில் ஏறத் தொடங்கியிருந்தது. கரையில் இழுத்துவிட்டிருந்த படகின் நிழலில் ஒருவர் கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்தார். ஸ்ரனிஸ்லஸ் என்று படகிலேயே அவருடைய பெயர் எழுதியிருந்தது. நிஷாந்தன் முட்டியை வாங்கிக்கொண்டு தண்ணீருக்குள் கால் வைத்தான்.

"பொறு" என்றார் கணபதி. வலை பொத்துகிறவரிடம் போய், சூரியன் ஏறிய பக்கம் கையை நீட்டினார். "தம்பி, இந்தியா நேர இதாலதானே?"

"இந்தியாவோ? இல்லை ஐயா. இதால போனாப் பர்மாப் பக்கம். இந்தியா உங்கட முதுகுக்குப் பின்னால எல்லோ."

கணபதியின் கை நீட்டியபடி நின்றது. மலையில் பிறந்து காட்டில் குடியேறிய மனிதர். தலைமன்னாரில் பார்த்த கடலுக்கு அக்கரை இந்தியா என்றால், எந்தக் கடலுக்கும் அக்கரை இந்தியாதான் என்று இவ்வளவு காலமும் நம்பியிருந்தார். அழகம்மாவும் அப்படித்தான் நம்பியிருப்பார். எல்லாம் தெரிந்த அப்புத்துரைக்கும் இதைச் சொல்லவேண்டும் என்று தோன்றவில்லை. சிவரூபி வானைத் திரும்பிப் பார்த்தாள். இனி மாமா முட்டியைத் தூக்கிக்கொண்டு வானில் ஏறிவிடுவார், முட்டி பாலை மரத்துக்குத்தான் போகும்.

ஸ்ரனிஸ்லஸ் முட்டியைப் பார்த்தார். வலையை வைத்துவிட்டு எழுந்து தொப்பியைக் கழற்றினார்.

"ஆரய்யா?"

"என்ர மனுசி. அங்க அவளின்ர அக்கா இருக்கிறா."

அவர் கடல் பக்கம் திரும்பிக் கையைக் காட்டினார். "இப்ப வாடை நீரோட்டம் ஐயா. தெற்கதான் இழுக்கும். சித்திரை கழிய சோளகக் காத்து எழும்பும். அதோட நீர் திரும்பும். பிறகு வடக்க, இந்தியாப் பக்கம்தான் ஓட்டம்."

"கட்டாயம் ஓடுமோ?" மகனிடம் கேட்ட அதே முகத்தோடு கணபதி கேட்டார்.

"ஓடும். சண்டைக்கும் ஓடினது, போன வருசம் கொரோனாவுக்கும் ஓடினது. ஓடாமல் விட்டதை நான் காணேல்லை."

கணபதி அவரை ஏற இறங்கப் பார்த்தார். இப்படி ஒரு பதிலை அவருக்கு எந்தக் கப்பல்காரனும் சொன்னதில்லை. "அப்ப சரி" என்றார். மகனைப் பார்த்துப் போ என்று தலையசைத்தார்.

நிஷாந்தன் நெஞ்சளவு தண்ணீருக்குப் போய் முட்டியைக் கவிழ்த்தான். சாம்பல் கொஞ்ச நேரம் மேலே படர்ந்து நின்றுவிட்டுக் கலைந்தது. அவன் தலை முழுகி, கண் சிவக்கத் திரும்பி வரும்வரைக்கும் கணபதி முழங்கால் தண்ணீரில் நின்றார்.

"பெரியம்மாவுக்குச் சொல்லு" என்றார் மகனிடம். "சித்திரை கழிய ராமேஸ்வரத்துக்கு வரட்டும்."

"ஓமப்பா."

சிவரூபி சேலை நனைய நனைய இறங்கிப் போனாள். தலைப்பின் முடிச்சை அவிழ்த்துத் தேசிக்காயை மாமாவின் கையில் வைத்தாள். அவர் அதை முகர்ந்து பார்த்தார். எறியவில்லை, குனிந்து தண்ணீரில் வைத்தார். அலை அதை அவர் காலடிக்கே கொண்டுவந்து விட்டது. மறுபடியும் எடுத்து, இன்னும் இரண்டு எட்டு உள்ளே போய் விட்டார்.

இந்தத் தடவை அது திரும்பவில்லை. முதலாவது அலையில் ஏறி இறங்கி, பச்சையாய்த் தெரிந்தும் தெரியாமலும், தெற்குப் பக்கமாக மெதுவாகப் போய்க்கொண்டிருந்தது.