நொண்டாத கால், நடுங்காத கை

குதிரை ஏறத் தெரியுமா என்று வருகிறவர்களை நான் கேட்பதே இல்லை. கேட்டால் பொய் சொல்வார்கள். சின்ன வயதில் கடற்கரையில் ஒருமுறை குதிரைமேல் உட்கார்ந்து போட்டோ எடுத்துக்கொண்ட ஆள்கூட "ஓரளவுக்கு ஓட்டுவேங்க" என்பார். நன்றாக ஓட்டத் தெரிந்த சில பெண்களோ "ஐயோ, எனக்கு ஒண்ணுமே தெரியாது" என்பார்கள். இரண்டு பேச்சையும் வைத்துக்கொண்டு நான் ஒன்றும் செய்ய முடியாது.

எங்கள் லாயத்திலிருந்து மூன்று பாதைகள் போகின்றன. ஏரிக்கரைப் பாதை சமதளம், மணல், தூங்கிக்கொண்டே போய்வரலாம். தோப்புப் பாதையில் ஓர் ஓடை, இரண்டு மேடு, குனியாவிட்டால் நெற்றியில் அறையும் கிளைகள். மூன்றாவது, கல்முகடு. ஏறும்போது அழகாகத்தான் இருக்கும். இறங்கும்போதுதான் அதன் குணம் தெரியும். ஒரே ஒரு குதிரை போகிற அகலத்தில் வழுக்குப் பாறை, ஒரு பக்கம் பள்ளம். குதிரையின் பாரமும் மேலே இருப்பவரின் பாரமும் சேர்ந்து முன்னங்கால்களில் இறங்கும். கால் சரியில்லாத குதிரையும் கை சரியில்லாத ஆளும் அங்கே போகக்கூடாது. போனால் இரண்டும் சேர்ந்துதான் உருளும்.

யாருக்கு எந்தக் குதிரை, எந்தப் பாதை என்று முடிவு செய்வது என் வேலை. லாயம் அண்ணனுடையது. போன், விளம்பரம், பல்லைக் காட்டிச் சிரிப்பது எல்லாம் அவன் பார்த்துக்கொள்வான்.

என் முறை இதுதான். காலையில் ஒவ்வொரு குதிரையையும் சிமெண்டுத் தளத்தில் ஓடவைத்து, கண்ணை மூடிக்கொண்டு கேட்பேன். நான்கு குளம்பும் ஒரே மாதிரி விழ வேண்டும். ஒன்று மட்டும் பட்டும் படாமலும் விழுந்தால் அந்தக் காலில் வலி. ஆட்களுக்கு வேறு சோதனை. கயிற்றைக் கையில் கொடுத்து, "தொட்டி வரைக்கும் கூட்டிட்டுப் போய் தண்ணி காட்டுங்க" என்பேன். அவர்கள் வாய் என்ன பேசினாலும் கவனிக்கமாட்டேன், கையைத்தான் பார்ப்பேன். பயந்தவர் கை நடுங்கும். அலட்டுகிறவர் கை கயிற்றைச் சுண்டி இழுக்கும். இந்த முறையில் எனக்குக் கொஞ்சம் கர்வமே உண்டு. அது தப்பாகப் போகும் என்று அந்த ஞாயிறு வரை யாராவது சொல்லியிருந்தால் சிரித்திருப்பேன்.

அன்று வந்த தம்பதியில் கணவனுக்கு, வண்டியிலிருந்து இறங்கிய நிமிடமே கூலிங்கிளாஸ் என்று பெயர் வைத்துவிட்டேன். மேகமூட்டமான காலையில், லாயத்தின் நிழலுக்குள்ளும் அதை அவர் கழற்றவில்லை. தலைக்கவசத்தில் ஒரு கேமரா. குதிரையின் கழுத்தை ஒருமுறை தட்டினார். உடனே ஈரத்தாள் ஒன்றை உருவிக் கையைத் துடைத்து, அதை அப்படியே தரையில் போட்டார். நான் தினமும் லத்தி அள்ளுகிறவள், புழு வைத்த குளம்பைக் கழுவுகிறவள். எனக்கு எதுவும் சட்டென்று குமட்டாது. அந்த வெள்ளைத் தாள் குமட்டியது.

"நாங்க கல்முகடுதான் போறோம். மேல இருந்து வீடியோ எடுக்கணும். இவளுக்கும் பழக்கம்தான்," என்றார்.

அந்த "இவள்" அவர் மனைவி. மெலிந்த பெண். காலில் ஒரு அளவு பெரிய புது பூட்ஸ். பேச்சு எதுவும் இல்லை, புன்னகை மட்டும் இருந்தது.

நான் கயிற்றை நீட்டினேன். மறுமுனையில் சாம்பல். எங்கள் லாயத்திலேயே பொறுமையான குதிரை அவன். போன வாரம் வலது முன்னங்காலை நொண்டினான் என்று பின் கொட்டகையில் ஓய்வில் கட்டிவைத்திருந்தேன். ஆனால் அன்று காலை அண்ணனே அவனை அவிழ்த்து வந்து, "சரியாயிடுச்சு போல. நீயே கேட்டுப் பாரு," என்றான். கேட்டேன். டக், டக், டக், டக். ஒரு குளம்பும் பிசகவில்லை. நம்பாமல் இன்னொரு முறை ஓடவைத்தும் கேட்டேன். சந்தோஷத்தில் சாம்பலின் நெற்றியில் முத்தம்கூட வைத்தேன்.

அந்தப் பெண் சாம்பலைத் தொட்டிக்குக் கூட்டிப்போனாள். கை நடுங்கவில்லை, கயிறு இறுகவில்லை. பக்கத்துக் குதிரை திடீரென்று செருமியபோதுகூட அவள் திரும்பிப் பார்க்கவில்லை. அடேயப்பா, ஆள் தேறிவிட்டாள் என்று நினைத்தேன். கூலிங்கிளாஸின் கை மோசம்தான். ஆனால் அவருக்கு நான் கொடுத்தது வாயாடி என்கிற குதிரையை. வழி முழுக்கக் கனைத்துக்கொண்டே வரும், முன்னால் போகும் குதிரையின் வாலைப் பார்த்து மட்டும் நடக்கும், யார் இழுத்தாலும் கண்டுகொள்ளாது.

"சரி, கல்முகடு," என்றேன். அண்ணன் முகத்தில் ஒரு சிரிப்பு வந்து போனது. வாடிக்கையாளர் திருப்திக்கான சிரிப்பு என்று எடுத்துக்கொண்டேன்.

நான் முன்னால், அவள் நடுவில், அவர் கடைசியில். ஏரிக்கரையைத் தாண்டி, பாதை பிரிகிற இடம் வரை எல்லாம் ஒழுங்காகத்தான் போனது. அவர் மட்டும் கேமராவோடு பேசிக்கொண்டே வந்தார். இங்கேதான் நான் எப்போதும் நின்று, எல்லாருடைய சேண வாரையும் ஒருமுறை இறுக்குவேன்.

திரும்பிப் பார்த்தேன். அவளுடைய இடது கால் அங்கவடியில் இல்லை. வெறுமனே தொங்கிக்கொண்டிருந்தது, வளையம் தனியாக ஆடிக்கொண்டிருந்தது. அது அவளுக்குத் தெரியவே இல்லை.

"காலை உள்ள வைங்கம்மா," என்றேன்.

கொஞ்ச நேரம் கழித்து, "எந்தக் காலை?" என்று கேட்டாள்.

இறங்கி அவள் பக்கத்தில் போனேன். கையைப் பிடித்துப் பார்த்தேன். ஜில்லென்று, கனமாக, யாருடையதோ போல என் கையில் கிடந்தது.

"உடம்பு சரியில்லையா?"

"இல்லக்கா, நல்லாத்தான் இருக்கு. கார்ல வாந்தி வராம இருக்க அவர் ஒரு மாத்திரை குடுத்தார். அதுல இருந்து கைகால் என்னோடது மாதிரியே இல்ல. பயமே வரல. எனக்குக் குதிரைன்னா ரொம்ப பயம்க்கா," என்று சொல்லிச் சிரித்தாள்.

நான் கூலிங்கிளாஸைப் பார்த்தேன். அவர் கேமராவைச் சரி செய்தார்.

"அது வாந்தி மாத்திரை இல்ல," என்றார், ஏதோ காப்பியில் சர்க்கரை ஒரு சிட்டிகை கூடிப்போனதைச் சொல்கிற குரலில். "விமானத்துல பயம் தெரியாம இருக்க நான் போட்டுக்கறது. பாதிதான் குடுத்தேன். போன்ல உங்க அண்ணன்தானே சொன்னாரு, தங்கச்சி கையைப் பார்ப்பா, கை நடுங்கினா மேல விடமாட்டான்னு. அவ நல்லதுக்குத்தான் குடுத்தேன். இல்லன்னா வாழ்க்கை முழுக்க பயந்துட்டே இருப்பா."

அந்தப் பெண்ணின் சிரிப்பு அப்படியே முகத்தில் நின்றுவிட்டது. அதைக் கலைக்கக்கூட மருந்து விடவில்லை.

என் அண்ணன் சொன்னானாம். என் சோதனையை, தேர்வுக்கு முன்னால் கேள்வித்தாளைக் கசியவிடுகிற மாதிரி, ஊர்பேர் தெரியாத ஆளிடம் சொல்லியிருக்கிறான். அந்த நினைப்பு முடிவதற்குள் அடுத்த நினைப்பு வந்துவிட்டது. கையைப் பற்றிச் சொன்னவனுக்கு, நான் குதிரையின் காலை எப்படிப் பார்ப்பேன் என்பதும் தெரியும்.

குனிந்து சாம்பலின் வலது முன்னங்காலைத் தொட்டேன். முட்டிக்குக் கீழே, அடுப்பிலிருந்து அப்போதுதான் இறக்கிய பால் பாத்திரம் போலச் சுட்டது. வீங்கியும் இருந்தது. அந்தக் காலை வைத்துக்கொண்டு அவன் துல்லியமாக நடந்து வந்திருக்கிறான். காலையில் தீவன வாளியின் அடியில் சர்க்கரைப் பாகு ஒட்டியிருந்தது ஞாபகம் வந்தது. அண்ணன் ஞாயிற்றுக்கிழமை செல்லம் கொடுக்கிறான் என்று நினைத்தேன். கசப்பு மருந்தைப் பாகில் கலந்தால்தான் குதிரை தின்னும்.

அண்ணனுக்குப் போன் போட்டேன். "சாம்பலுக்கு வலி மருந்து குடுத்தியா?"

"நல்லாத்தானே நடக்குது?"

"குடுத்தியா, இல்லையா?"

"குடுத்தேன். அது நல்லதுக்குத்தான். வலி தெரியாம நடக்கட்டுமே. அந்தம்மாவுக்குப் பொறுமையான குதிரை வேற எது இருக்கு? அந்த வீடியோவை எத்தனை பேர் பார்ப்பாங்க தெரியுமா? குதிரைக்கே வலிக்கல, உனக்கு எங்க வலிக்குது?"

போனை அணைத்தேன். எனக்கு உண்மையிலேயே குமட்டிக்கொண்டு வந்தது. கோபம் என்றால் கத்தித் தீர்த்திருப்பேன். இது அருவருப்பு, வாயில் எச்சிலாக ஊறியது, துப்பினேன். கால் இருப்பதே தெரியாத ஒரு குதிரைமேல், பயம் இருப்பதே தெரியாத ஒரு பெண்ணை ஏற்றி, இரண்டு பேரையும் வழுக்குப் பாறையில் இறக்கப் பார்த்தார்கள். இருவருக்கும் பொருத்தமான பாதை என்று கையைக் காட்டியவள் நான்.

அவளை இறக்கினேன். என் குதிரையில் ஏற்றலாமா என்று யோசித்து, வேண்டாம் என்று விட்டேன். அன்றைக்கு எந்தப் பாதையும் அவளுக்கு இல்லை, சாம்பலுக்கும் இல்லை. "நடந்தே திரும்பறோம்," என்றேன்.

"இன்னும் கொஞ்ச தூரம்தானே மேடம்? இவ்வளவு தூரம் வந்துட்டோம். அரை மணி நேரம் தாங்காதா ரெண்டும்?" என்றார் கூலிங்கிளாஸ்.

ரெண்டும். என் காதால் கேட்டேன்.

நான் சாம்பலின் கயிற்றைப் பிடித்து லாயத்துப் பக்கம் திருப்பினேன். அவர் வாயாடியைக் கல்முகட்டுப் பக்கம் திருப்பி, குதிகாலால் உதைத்தார். வாயாடி ஒருமுறை கனைத்தது. பிறகு, திரும்பிப் போகும் சாம்பலின் வாலைப் பார்த்து நடக்க ஆரம்பித்தது. வழி முழுக்க அவர் கடிவாளத்தை இழுத்துக்கொண்டே வந்தார். அது அவரை மூட்டை மாதிரி லாயம் வரை சுமந்து வந்து, தீவனத் தொட்டியருகே நின்றது.

அண்ணன் கெஞ்சுகிற முகத்தோடு ஓடி வந்தான், என்னிடம் இல்லை, அவரிடம். "ஸாரி சார். அவ அப்படித்தான். டீ சாப்பிடுங்க." இரண்டு பேரும் அலுவலக அறையில் உட்கார்ந்தார்கள். ஜன்னல் வழியாகப் பேச்சு கேட்டது. நல்லதுக்குத்தான் பண்ணினோம் என்று ஒருவர் சொல்ல, மற்றவர் அதையே திருப்பிச் சொன்னார். கொஞ்ச நேரத்தில் சிரிப்புச் சத்தம்கூட வந்தது. நான் உள்ளே போய் மருந்து அலமாரிச் சாவியை மேஜையிலிருந்து எடுத்துக்கொண்டேன். "நாளையில இருந்து கல்முகட்டுக்கு ஆள் அனுப்பணும்னா, முன்னால நீயே போ," என்றேன். அண்ணனுக்குக் கல்முகட்டில் குதிரை ஓட்டத் தெரியாது. சிரிப்பு நின்றது.

வெளியே, அந்தப் பெண் கவிழ்த்துப்போட்ட வாளிமேல் உட்கார்ந்து, குழாயைப் பிடித்துச் சாம்பலின் காலில் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தாள். நான் சொல்லவில்லை, அவளாகவே கேட்டு வாங்கிக்கொண்டாள்.

"மருந்து எறங்கினா இதுக்கு ரொம்ப வலிக்குமாக்கா?"

"வலிக்கும்மா."

அவள் தலையசைத்தாள். குழாயை வீக்கத்துக்கு நேராகத் திருப்பினாள்.

வெயில் உச்சிக்கு வந்தபோது சாம்பல் முதல்முறையாக அந்தக் காலைத் தூக்கினான். பிறகு கீழே வைத்தான், முழுதாக இல்லை, நுனியை மட்டும். ஒரு குதிரை நொண்டுவதைப் பார்த்து என் வாழ்நாளில் நான் சந்தோஷப்பட்டதில்லை. அன்று பட்டேன்.

குழாயிலிருந்து விழுகிற தண்ணீர் நேராக விழாமல் சிதறுவதையும் அப்போதுதான் கவனித்தேன். அவள் கை நடுங்கிக்கொண்டிருந்தது. முகம் வெளிறி, உதடு வறண்டு, சாம்பலிடமிருந்து ஓரடி தள்ளியே உட்கார்ந்திருந்தாள். குதிரைப் பயம் திரும்ப வந்துவிட்டது. ஆனாலும் குழாயை விடவில்லை.

கூலிங்கிளாஸ் வெளியே வந்தார். ஒரு ஈரத்தாளால் பிடரியைத் துடைத்துக்கொண்டே, "போலாமா? ட்ராஃபிக் ஆயிடும்," என்றார்.

"பயமா இருக்கு," என்றாள் அவள்.

"அதான் குதிரைய விட்டு எறங்கிட்டியே. இன்னும் என்ன?"

"குதிரை இல்ல. உங்க கார்ல ஏறத்தான்."

அவர் என்னைப் பார்த்தார். அவள் குழாயை என்னிடம் கொடுத்துவிட்டு, சட்டையில் கையைத் துடைத்து, "உங்க போன் தர்றீங்களாக்கா? என் தம்பிய வரச் சொல்லணும்," என்றாள். கொடுத்தேன். விரல் நடுங்கியதில் இரண்டு முறை எண்ணைத் தப்பாக அழுத்தினாள். மூன்றாம் முறை சரியாக வந்தது.