விருந்தாளிக்காகப் போட்ட பாலம்

எங்கள் ஊர் புவா நுவார், ஒரு சின்னத் தீவில் ஆற்றால் இரண்டாகப் பிரிந்தது. இந்தக் கரையில் மாதா கோயில், பள்ளிக்கூடம், செப்டிமஸின் ரம் கடை, நான். அந்தக் கரையில் வாழைத் தோட்டங்கள், என் மகள் ஸீட்டா, மருமகன் செல்சஸ், பேரப்பிள்ளைகள். நடுவில் இருந்த பாலத்தைப் போன வருஷத்துப் புயல் கடலுக்கு அனுப்பிவிட்டது.

அதற்குப் பிறகு ஆற்றில் இறங்கித்தான் நடை. மலையில் மழை பெய்தால் அந்த நடையும் கிடையாது. பிள்ளைகள் அந்தக் கரையில் நின்று பள்ளிக்கூட மணி அடிப்பதைக் கேட்டுவிட்டு வீட்டுக்குத் திரும்பிவிடும். வாழைத்தார் தோட்டத்திலேயே பழுத்து அழுகும்.

"அடுத்த மழைக்காலத்துக்குள்ள பாலம் வரலேன்னா நாங்க குவாடலூப் போயிடுவோம்மா," என்று ஸீட்டா சொன்னாள். "இவரோட அண்ணன் அங்க வேலை பாத்து வெச்சிருக்கார்."

எனக்கு அவள் ஒரே பிள்ளை. குவாடலூப் பக்கத்துத் தீவுதான், வெயில் நாளில் எங்கள் மலையிலிருந்து பார்த்தால் தெரியும். தெரிந்து என்ன செய்வது, கூப்பிட்டால் கேட்குமா? அன்று ராத்திரி நான் சாப்பிடவில்லை.

மறுவாரம் பாலம் கமிட்டிக்கு நானே தலைவி ஆனேன். வேறு யாரும் முன்வரவில்லை, என் தொண்டையும் பெரியது. எங்கள் தீவுகளெல்லாம் சேர்ந்து வைத்திருக்கும் வங்கி ஒன்று பார்படோஸில் இருக்கிறது. சின்ன ஊர்களுக்குச் சாலை, தண்ணீர்த் தொட்டி, பாலம் என்று அது பணம் ஒதுக்கும். எழுதினோம், மறுபடி எழுதினோம். கடைசியில், அதிகாரி ஒருவர் நேரில் வந்து பார்ப்பார், படம் எடுப்பார், அவர் சிபாரிசு செய்தால் உண்டு என்று பதில் வந்தது. அதே பணத்துக்கு செயின்ட் லூசியா தீவில் ஓர் ஊரும் காத்திருக்கிறது என்பதையும் சொல்லிவிட்டார்கள்.

வரவிருந்த அதிகாரி ஓர் அம்மாள், பெயர் மிஸ் அலெய்ன். அவரை அழைத்துவர வெள்ளிக்கிழமையே நான் எங்கள் தலைநகரான ரோசோவுக்குப் போய்விட்டேன். போகும்போது ரம் கடையில் தலையை நீட்டி, "வர்றவங்க பெரிய எடத்துலேருந்து வர்றாங்க, ஊர் மானத்தைக் காப்பாத்துங்க," என்றேன். நான் சொன்னது அவ்வளவுதான்.

சனிக்கிழமை நாங்கள் வந்து இறங்கியபோது சாலையோரக் கற்களுக்கெல்லாம் வெள்ளை அடித்திருந்தது. புல் வெட்டியிருந்தது. பரவாயில்லையே, நம் ஜனங்களுக்கும் பொறுப்பு வந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டு மிஸ் அலெய்னை ஆற்றுக்குக் கூட்டிப்போனேன்.

ஆற்றின் மேல் ஒரு பாலம் நின்றது.

பெரிய மரத்துண்டுகளைக் கரைக்குக் கரை போட்டு, மேலே பலகை அடித்து, பிடித்து நடக்கக் கயிறும் கட்டியிருந்தார்கள். கயிற்றில் முழத்துக்கு முழம் செம்பருத்திப் பூ வேறு. இரண்டு கரையிலும் ஊர் முழுக்க ஞாயிற்றுக்கிழமை உடுப்பில் நின்றது. கமிட்டியின் இன்னோர் உறுப்பினரான செப்டிமஸ் தொப்பியைக் கழற்றி, கல்யாண வீட்டுக்காரன் போல முன்னால் வந்தான்.

"வாங்க மிஸ், தைரியமா நடங்க. ஷூ நனையாது."

 மிஸ் அலெய்ன் பாலத்தைப் படம் எடுத்தார், அதன்மேல் நடந்தார், அக்கரை போய் அங்கிருந்தும் ஒரு படம் எடுத்தார். பிறகு, செப்டிமஸோடு பின்னாலேயே நடந்துவந்த என்னைப் பார்த்தார்.

"பாலமே இல்லன்னு எழுதியிருந்தீங்களே மேடம்."

"நேத்து வரைக்கும் இல்ல மிஸ்."

"இப்ப இருக்கே. நான் பாத்ததைத்தான் எழுதணும். பாலம் இருக்கிற ஊருக்குப் பாலம் குடுங்கன்னு எப்படிச் சிபாரிசு பண்றது?"

நான் செப்டிமஸ் பக்கம் திரும்பினேன். "எந்த மகராசனுக்கு வந்த யோசனை இது?"

"பார்படோஸ்லேருந்து ஒருத்தங்க நம்ம ஊருக்கு வர்றாங்க. அவங்களை ஆத்துல இறக்கிவிடறதா? எங்கயாச்சும் உண்டா அக்கா? அதான் கூட்மே போட்டோம்."

கூட்மே போட்டால் எங்கள் ஊரில் யாரும் வீட்டில் இருக்க மாட்டார்கள். ஒருவருக்கு வேலை என்றால் எல்லோரும் போய் நிற்பது, வேலை யாருடையதோ அவர் சாப்பாடு போடுவது, அவ்வளவுதான் கணக்கு. வீடு கட்டவும் கூட்மே, கிழங்கு தோண்டவும் கூட்மே. மானத்தைக் காப்பாற்றச் சொன்னால் அதற்கும் ஒரு கூட்மே.

"அந்தக் கால் நனையணும்னுதானேய்யா அவங்களை வரவழைச்சேன்," என்றேன்.  அப்போதுதான் செப்டிமஸுக்கு உறைத்தது.

"பலகை குடுத்தது உங்க மாப்பிள்ளைதான்," என்று மெதுவாகச் சொன்னான்.

எனக்குச் சுருக்கென்றது. பாலம் வராவிட்டால் கிளம்பிவிடலாம் என்று இருக்கிற மனுஷன், பாலம் வராமலிருக்க வழி செய்துவிட்டானோ என்று ஒரு கணம் நினைத்தேன். அப்படி நினைத்தது உண்மை, மறைப்பானேன்.

"மாப்ளே, புயலுக்கப்புறம் ஒரு பலகை கிடைக்க நாயா அலையறோம். உங்களுக்கு மட்டும் ஏது இத்தனை?"

செல்சஸ் பின்கழுத்தைச் சொறிந்தான். ஸீட்டாதான் பேசினாள். "வீட்டுக்கு வாங்கம்மா. மிஸ், நீங்களும் வாங்க, சூப்பு ஆறிடும்."

தூண்கள்மேல் நிற்கிற மர வீடு அது. புயலுக்குப் பிறகு செல்சஸ் கொஞ்சம் கொஞ்சமாகப் பலகை சேர்த்துப் போன மாதம்தான் தரை போட்டு முடித்திருந்தான். வாசலில் போய் நின்றோம். உள்ளே தரை இல்லை. குறுக்குச் சட்டங்கள் மட்டும் இருந்தன. கீழே மண்ணில் கோழிகள் மேய்ந்துகொண்டிருந்தன. கட்டிலைச் சுவரோடு சாய்த்து நிறுத்தியிருந்தார்கள்.

"உள்ள வாங்கன்னு கூப்பிட முடியல, மன்னிச்சுக்குங்க மிஸ்," என்றாள் என் மகள். "இவர் கேட்டார், எடுத்துக்குங்கன்னேன். பிள்ளைங்க பக்கத்து வீட்டுல படுத்துச்சுங்க."

ஈரப்பலா மரத்தடியில் பெஞ்சு போட்டு, சேப்பங்கிழங்கு இலைச் சூப்பும் வறுத்த ஈரப்பலாவும் வைத்தார்கள். மிஸ் அலெய்ன் தட்டைப் பார்த்துக்கொண்டே சாப்பிட்டார். பாதியில் நிமிர்ந்து, "மழை வந்தா அந்தப் பாலம் நிக்குமா?" என்று செல்சஸைக் கேட்டார்.

"எங்க நிக்கும் மிஸ்? நீங்க திரும்பிப் போற வரைக்கும் நிக்கும். அதுக்குத்தானே போட்டது."

அவர் கரண்டியைக் கீழே வைத்தார்.

"தரையைத் திரும்பப் போட்டுடுங்க. நான் ஆத்துல இறங்கியே போறேன். அப்புறம் இன்னொரு படம் எடுக்கறேன். இந்த வீட்டையும் எடுத்துக்கறேன். நடந்ததை நடந்தபடி எழுதுவேன். மேல இருக்கறவங்க என்ன சொல்லுவாங்கன்னு எனக்குத் தெரியாது. பொய் நம்பிக்கை குடுக்க மாட்டேன். கிறிஸ்மஸ் தாண்டித்தான் பதில் வரும்."

அன்று மத்தியானம் இன்னொரு கூட்மே. முந்தின நாள் அடித்த ஆணிகளை அதே ஆட்கள் பிடுங்கினார்கள். பலகைகள் வரிசையாகத் தோளேறி செல்சஸ் வீட்டுக்குப் போயின. மரத்துண்டுகளையும் கரையில் இழுத்துப் போட்டார்கள். மிஸ் அலெய்ன் ஷூவைக் கையில் பிடித்துக்கொண்டு தண்ணீரில் இறங்கினார். நடு ஆற்றில் பாசிக்கல்லில் கால் வழுக்கி அப்படியே தண்ணீரில் உட்கார்ந்துவிட்டார். செப்டிமஸ் கண்ணைப் பொத்திக்கொண்டான். நானோ, கடவுள் மன்னிக்கட்டும், சந்தோஷப்பட்டேன். எழுந்து பாவாடையைப் பிழிந்தபடி அவரும் சிரித்தார். பள்ளிக்கூடக் கரையில் ஏறி, வெறும் ஆற்றைப் படம் எடுத்தார்.

அவரை வண்டியேற்றும் பொறுப்பைச் செப்டிமஸ் தலையில் கட்டிவிட்டு நான் மகள் வீட்டிலேயே தங்கினேன். செல்சஸ் வாயில் ஆணிகளைக் கவ்விக்கொண்டு பலகை அடித்துக்கொண்டிருந்தான். நான் ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தேன். கேட்காமல் இருக்க முடியவில்லை.

"மாப்ளே, குவாடலூப் போறவருக்கு வீட்டுல தரை எதுக்குன்னுதானே பேத்துட்டீங்க?"

அவன் ஆணிகளை உள்ளங்கையில் துப்பினான்.

"போறவன் பலகையை வித்துட்டுல்ல அத்தை போவான்? இன்னிக்கு விலைக்கு வித்தா கப்பல் டிக்கெட்டே வாங்கியிருக்கலாம். ஆத்துலயா கொண்டு போய்ப் போடுவான்?"

"வங்கி குடுக்கலேன்னா?"

"இந்த மாதிரியே ஒண்ணு போட்டுக்குவோம். அடிச்சுட்டுப் போனா மறுபடி போடுவோம்." அடுத்த பலகைக்குக் கையை நீட்டினான். "ஆனா இந்தத் தரையை இனிமே தொட விடமாட்டேன். அடுத்த தடவை உங்க வீட்டுத் தரைதான் அத்தை."

என் வீட்டுத் தரை சிமெண்ட், பேர்த்தெடுக்க வராது. அதைச் சொல்ல எனக்கு மனசு வரவில்லை.