நைனாவின் வண்டிச் சத்தம்

அலர்மேலு குழம்பைக் கிளறிக்கொண்டிருந்தபோது அக்ஷயா தம்பியின் இரண்டு காதுகளையும் உள்ளங்கைகளால் பொத்தினாள். நாலு வயது யோகேஷ் பொம்மை லாரியை விட்டுவிட்டு அசையாமல் உட்கார்ந்திருந்தான். அவனுக்கு இது பழக்கம்தான். அலர்மேலு உடனே கேஸை அணைத்தாள். தெருமுனையில் ஆட்டோ இன்னும் திரும்பக்கூட இல்லை.

"நைனா கோவமா வருதும்மா," என்றாள் அக்ஷயா. "மேட்டுல கியர் மாத்தாமலே முறுக்கினு வருது."

ஆறு வயதுப் பெண். அப்பன் குடித்திருந்தால் வண்டி ஒரு மாதிரி வரும், குடிக்காமல் கோபத்தோடு வந்தால் வேறு மாதிரி. இரண்டாவதுதான் மோசம் என்பது அவளுக்குத் தெரியும். ஒருநாளும் தப்பியதில்லை. திருப்பதியை அடுத்த திருச்சானூரில் ஓடுகிற ஷேர் ஆட்டோக்களில் எது யாருடையது என்று கண்ணை மூடிக்கொண்டே சொல்வாள். இப்படி ஒரு காதை எந்தப் பள்ளிக்கூடம் கண்டுகொள்கிறது? தெலுங்கு 'அ' எது, 'ஆ' எது என்று கேட்டார்கள். விழித்தாள். "மீ பாப்பகி ஏமீ ராது," உங்கள் பாப்பாவுக்கு ஒன்றுமே வராது என்று டீச்சர் அப்பன் பாஸ்கரின் போனுக்குக் குரல் செய்தி அனுப்பிவிட்டார்.

பாஸ்கர் உள்ளே வந்ததும் அந்தக் குரலைத்தான் ஓடவிட்டான். மறுபடியும் ஓடவிட்டான். பிறகு பாடப் புத்தகத்தை விரித்து மகள் முன்னால் எறிந்தான்.

"படி."

பிழைக்க வந்த தமிழன். தெலுங்கு பேசுவான், படிக்க வராது. போன மாதம் போர்டைப் படிக்கத் தெரியாமல் வண்டியை இடம் மாற்றி நிறுத்தியதற்கு, ஸ்டாண்ட் தலைவன் பயணிகள் முன்னால் "அரவோடா!" என்று தமிழனைத் திட்டும் வார்த்தையால் திட்டி அறைந்தான். அன்றிலிருந்து அந்த அறையை வீட்டில்தான் இறக்கிக்கொண்டிருக்கிறான்.

அக்ஷயா ஓர் எழுத்தைத் தொட்டு ஏதோ சொன்னாள். ஃபேன் பெல்ட் முதுகில் விழுந்தது. வேறு ஏதோ சொன்னாள். அதற்கும் விழுந்தது.

"தெலுங்கு வரலன்னா இந்த ஊர்ல எவன் வேணாலும் அறைவான்டி!"

"அவ தப்பா படிக்கிறான்னு உனுக்கு எப்பிடித் தெரியும்?" என்றாள் அலர்மேலு.

பெல்ட் அவள் வாயைக் கிழித்தது. தலைமயிரைப் பிடித்து நிலைப்படியில் மோதினான். ரத்தம் கண்ணில் இறங்கியபோதும், கேட்டது கேட்டதுதான் என்று அவளுக்கு ஆங்காரமாக இருந்தது. அவன் மறுபடி கையை ஓங்கினான்.

அப்போது வாசலில் ஆட்டோ ஹாரன் அலறியது. விடாமல் அலறியது. அக்ஷயா எப்போது நழுவினாள் என்று யாரும் பார்க்கவில்லை. எதிர் லாட்ஜ் பால்கனியில் மொட்டைத் தலைகள் எட்டிப் பார்த்தன. நாலு பேர் பார்த்தால் நைனா அடிக்காது; இதையும் அவள் எந்தப் புத்தகத்திலும் படிக்கவில்லை. பாஸ்கர் பெல்ட்டைக் கீழே போட்டுவிட்டு, முகத்தைத் துடைத்துக்கொண்டு வெளியே போனான்.

"ஒண்ணுமில்ல சார், கொயந்த வெளையாடிக்கினு கீது."

குழந்தை அதற்குள் வீட்டைச் சுற்றி ஓடிவந்து பின்வாசலில் நின்றது. "வாம்மா," என்றது.

யோகேஷைத் தூக்கிக்கொண்டு சந்து வழியாக ஓடினார்கள். மெயின் ரோட்டில் நைனாவைத் தெரியாத ஆட்டோ எது என்று காட்டியதும் அக்ஷயாதான்.

திருப்பதி பஸ் ஸ்டாண்டில் அலர்மேலு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். பள்ளிப்பட்டில் அண்ணன் வீடு. புத்தூர் போய் மாற வேண்டும். போர்டெல்லாம் தெலுங்கு. யாரையாவது கேட்கலாமென்றால் கிழிந்த வாய் தெரிந்துவிடும். அக்ஷயா கண்ணை மூடிக்கொண்டு நின்றாள்.

"அத்தோ, கியர் போட்டா பல்லக் கடிக்குதே, அதாம்மா. மாமா ஊருக்கு அதுலதான போனோம்."

புத்தூர் பஸ்தான். ஏறி உட்கார்ந்தார்கள். டிரைவர் கீழே டீ குடித்துக்கொண்டிருந்தார். சட்டைக்கு மேலாகவே மகளின் முதுகுத் தடிப்புகள் அலர்மேலுவின் கையில் தட்டுப்பட்டன. அழுகை பொங்கியது.

"உனுக்கா கண்ணு ஒண்ணும் வராது?"

அக்ஷயா ஜன்னல் பக்கம் தலையைச் சாய்த்திருந்தாள். வெளியே எத்தனையோ வண்டிகளின் இரைச்சல். மெல்லத் திரும்பி, இரண்டு கைகளாலும் தம்பியின் காதுகளைப் பொத்தினாள்.