வந்த வழியே போகும் தண்ணீர்

ஜினப்பிரியா பொருத்திய குழாய்களில் தண்ணீர் வந்த இடத்துக்கே திரும்பிப் போனது. செஞ்சி காந்தி பஜாரில், ஜெயஸ்ரீ டீச்சர் வீட்டுச் சமையலறையில் இது முதலில் தெரியவந்தது. திறந்ததும் தண்ணீர் நான்கு விரற்கடை இறங்கியது, கழுவாத பாத்திரங்களைப் பார்த்தது, மாடித் தொட்டிக்கே ஏறிவிட்டது. அடுத்த வாரம் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு வீட்டில் வாஷ்பேசின் மாட்டினாள். அவ்வீட்டார் வாய் கொப்பளித்துத் துப்பியதெல்லாம் நுரையோடு தொட்டிக்குப் போனது. மூன்று நாள் கழித்துத்தான் கண்டுபிடித்தார்கள். அதுவரை தங்கள் வீட்டுத் தண்ணீரில் புதினா வாசம் வருவதாகப் பெருமை பேசிக்கொண்டிருந்தார்கள்.

அவளுக்கு இருபத்திரண்டு வயது, இயற்பியல் பட்டதாரி, புவியீர்ப்பில் நல்ல மதிப்பெண். பிளம்பிங் உங்களுக்கு ஏற்ற தொழிலா என்று போனில் வந்த பத்துக் கேள்விகளுக்கும் சரியாகப் பதில் சொல்லியிருந்தாள். அழுக்குக்கு அஞ்சமாட்டாள், இடுக்கில் மல்லாந்து படுத்து வேலை செய்வாள், ஏணி ஏறுவாள். தண்ணீர் எந்தப் பக்கம் போகும் என்று அதில் கேள்வி இல்லை. நெல் வியாபாரியான அப்பா வர்த்தமான், "பி.எட். சேந்துடுமா, கௌரவமா இருக்கும்" என்றார். "டீச்சருங்க வூட்டு கொழாய யாரு நைனா ரிப்பேர் பண்றது?" என்றாள். கடைசியில் ஓர் உடன்பாடு ஏற்பட்டது. அவள் வேலை கற்றுக்கொண்டிருந்த தோமினிக் மேஸ்திரி, கார்த்திகை முடிவதற்குள் ஒத்துவரும் என்று சொன்னால் பிளம்பர், இல்லையென்றால் பி.எட்.

தோமினிக் அப்படிச் சொல்கிற ஆளாகத் தெரியவில்லை. "இன்னா பாப்பா, தண்ணிக்கு ரிட்டன் டிக்கெட் போட்டு உடறியா?" என்று தெருவே கேட்கச் சிரித்தார். அவள் டீச்சர் வீட்டுக் குழாயைப் பதினேழு முறை கழற்றி மாட்டினாள். டெஃப்லான் டேப்பை வலமாகச் சுற்றினாள், இடமாகச் சுற்றினாள். பதினேழு முறையும் தண்ணீர் எட்டிப் பார்த்துவிட்டுப் போனது. ஐப்பசி போனது. மேஸ்திரி சிரிப்பை நிறுத்திவிட்டு, "ஒனக்கு ஒத்துவராது போலக்குதுமா" என்று மெதுவாகச் சொன்னார். சிரித்ததே தேவலை என்றிருந்தது அவளுக்கு. மறுநாள் காலை ஏழு மணிக்கே பையோடு வந்து நின்றாள்.

ஜைன வீடுகளில் குடிதண்ணீரை இரண்டாக மடித்த வெள்ளைத் துணியில் வடிகட்டுவார்கள். துணியில் தங்கும் கண்ணுக்குத் தெரியாத உயிர்கள் வீடு திரும்ப வேண்டுமே என்று, அதை அலசிய தண்ணீரை, முதலில் இறைத்த கிணற்றிலேயே இறக்கிவிடுவார்கள். ஐந்து வயதிலிருந்து தன் வீட்டில் இது ஜினப்பிரியாவின் வேலை. காய்ச்சலிலும் பரீட்சையிலும் தவறியதில்லை. கை வேறு எதற்கும் பழகவில்லை.

கார்த்திகை மூன்றாம் வாரம் புயல் வந்தது. இரண்டு நாள் பெய்து நின்றபோது, பள்ளத்திலிருந்த தோமினிக் வீட்டில் தொடையளவு தண்ணீர். அவர் மனைவி டெய்சி கட்டில்மேல் அரிசி டின்னை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மோட்டார் வைத்துத் தெருவுக்கு இறைத்த தண்ணீர் தெருவிலிருந்து திரும்ப உள்ளே வந்தது. இருபதடி பைப்பைத் தோளில் வைத்துக்கொண்டு ஜினப்பிரியா நீந்தாத குறையாக வந்து சேர்ந்தாள்.

"எங்க கொண்டுபோயி உடுவ? ஏரியே ரொம்பி வழியுது" என்றார் தோமினிக்.

"இது எங்கேர்ந்து வந்துச்சு மேஸ்திரி?"

அவர் மேலே பார்த்தார். பிறகு தொழில்முறையாகக் கேட்டார்: "மேல திருப்பி உட எல்போ வேணுமா?"

"வேணாம். நேரா போவட்டும்."

நான்கு ஓடுகளைக் கழற்றி, பைப்பை நிமிர்த்தி, சுவரில் கிளாம்ப் அடித்தாள். தண்ணீர் கயிறுபோல எழுந்து மேகத்துக்குப் போனது. மதியத்துக்குள் தரை தெரிந்தது. டெய்சியின் ஒற்றைச் செருப்பும் ஒரு கெண்டை மீனும் மட்டும் போகவில்லை. அவை வானத்திலிருந்து வந்தவை அல்ல. "எதிர் வூட்டுக்கும் ஒண்ணு போட்டு உடு பாப்பா, பாவம்" என்றாள் டெய்சி. தோமினிக் வர்த்தமானுக்குப் போன் செய்து, "ஒத்துவருது" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டார்.

இப்போது அவர்கள் கடைப் பலகையில், குழாய் மாட்ட தோமினிக், தண்ணீர் அனுப்ப ஜினப்பிரியா என்று எழுதியிருக்கிறது. புயல் போன மறுநாளே, அனுப்பிய தண்ணீர் காற்றில் நகர்ந்து பக்கத்து ஊரான தொண்டூரில் இறங்கிவிட்டதென்று அங்கிருந்து போன் வந்தது. அவள் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு, எத்தனை அடி பைப் வேண்டும் என்று விசாரித்தாள்.