ஆவுடைநாயகம் வீட்டு லைன்

போன் இல்லாத வாடகை வீட்டுக்கு இன்டர்நெட் பார்ப்பதற்குப் பதில், நாற்பது வயதுக்காரனுக்குப் பெண் பார்த்துவிடலாம். பெண் பார்க்கப் போனால் கேசரியாவது கிடைக்கும். சுகிர்தாவுக்கு அதுவும் கிடைக்கவில்லை.

பெருமாள்புரத்தில் ஒரு மாடி வீட்டில் அவளும் அவள் புருஷன் கணேஷ்ராமும் குடியிருந்தார்கள். அமெரிக்க டாக்டர்கள் நோயாளிகளைப் பற்றிப் பேசிவைப்பதைக் காதில் கேட்டுத் தட்டச்சு செய்யும் வேலைக்கு அவள் படித்து முடித்திருந்தாள். மெட்ராஸ் கம்பெனி ஒன்று வீட்டிலிருந்தே செய்யலாம் என்றது. கம்ப்யூட்டர் இருந்தது, ஆனால் இன்டர்நெட்டும் இருக்க வேண்டும்; அப்போதெல்லாம் அது போன் லைன் வழியாகத்தான் வரும். ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒரு பேச்சை அனுப்புவார்கள். மத்தியானத்துக்குள் தட்டச்சு செய்து திருப்பி அனுப்ப வேண்டும். சரியாக வந்தால் வேலை, இல்லாவிட்டால் இல்லை.

இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதைக் கணேஷ்ராம் தினமும் சாப்பாட்டுத் தட்டின் முன்னால் உட்கார்ந்து சொன்னான்.

"கல்லிடைக்குறிச்சி வீட்டுல போன் இருக்குல்லா? பேசாம அங்க போயிருவோம். அம்மாவும் கூப்பிட்டுக்கிட்டே இருக்கா. நீ காலைல அப்பளத்துக்குக் கூடமாட இருந்துட்டு, சாயங்காலம் ஒன் டாக்டர் பேசுதத கேளு."

அவன் அம்மா ஞானம்பாள் ஏழெட்டுப் பெண்களை வைத்து அப்பளம் போட்டு விற்கிறவள். கல்யாணமான புதிதில் நான்கு நாள் அந்த வீட்டில் அப்பளம் இட்டதில், சுகிர்தாவுக்குக் கையைத் தூக்கித் தலைவாரக்கூட முடியவில்லை. அங்கே போனால் காலை மாலையாகிவிடும், மாலை இரவாகிவிடும், டாக்டர் பேசிக்கொண்டே இருப்பார், கேட்கத்தான் ஆள் இருக்காது. இது அவளுக்கு நன்றாகத் தெரியும். அதனால்தான் ஊர் முழுக்க அலைந்தாள்.

சொந்தமாக ஒரு போனுக்கு எழுதிக் கொடுத்தாயிற்று. அது வரும்போது வரும். கேபிள் டிவி மாரிக்கண்ணு, "அதெல்லாம் நம்ம வயருலயே விட்டுரலாம்க்கா" என்று நெஞ்சைத் தட்டிச் சொன்னான். அவள் சந்தோஷப்படுவதற்குள், "அது எந்த சேனலுக்கா?" என்று கேட்டான். ஜங்ஷன் பக்கம் பிரவுசிங் சென்டர் வைத்திருந்த மேலப்பாளையத்து அசன் மைதீன் மட்டும் நேர்மையாகப் பேசினார்.

"காலம்பூரா ஒரு மிஷின ஒங்களுக்கு விட முடியாது தங்கச்சி. ஞாயித்துக்கெழம துபாய் மாப்பிள்ளைமாருக்கு மெயில் போடுத நாளு. பொம்பளைய வரிசைல நிக்காவ. ஒங்க டாக்டருக்காக அவுகள காக்க வச்சா என்னய உரிச்சிருவாவ. கீழ வீட்டுக்காரர்ட்ட கேட்டுப் பாருங்களேன்."

கீழ் வீட்டுக்காரர் ஆவுடைநாயகம் பிள்ளை. ஞானம்பாளுக்குப் பெரியப்பா மகன். அந்த உறவில்தான் மாடி வாடகைக்குக் கிடைத்தது. பெண்டாட்டி போய்ச் சேர்ந்த பிறகு தன்னை நினைக்க ஒரு நாதி இல்லை என்பது அவருடைய தேவாரம். அதைக் காலையில் ஒரு தரம், விளக்கு வைத்ததும் ஒரு தரம் ஓதுவார். சுகிர்தா கேட்டதும் அதையே ஓதினார்.

"எனக்கு யாரு போன் போடப் போறா? அது சும்மாதான கெடக்கு. வயர மேல இழுத்துக்கோ. ஒன் சோலி முடியுத வரைக்கும் நான் ரிசீவரத் தொட மாட்டேன், போதுமா?"

கீழே யாராவது ரிசீவரை எடுத்தால் மேலே இன்டர்நெட் அறுந்துவிடும். வந்ததெல்லாம் போய், முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். இதை அவள் இரண்டு தரம் சொன்னாள். அவர் மூன்று தரம் தலையாட்டினார். சுகிர்தா ஆவுடைநாயகம் வீட்டு லைனையே தேர்ந்தெடுத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் மோடம், அரிவாள்மணையில் ஆணியைத் தேய்த்ததுபோலக் கத்திவிட்டு அடங்கியது. டாக்டரின் பேச்சு சொட்டுச் சொட்டாக இறங்க ஆரம்பித்தது. கார்ப்பரேஷன் குழாய்கூட அதைவிட வேகம். சுகிர்தா நகத்தைக் கடித்துக்கொண்டு திரையைப் பார்த்தபடியே உட்கார்ந்திருந்தாள்.

யாரும் போன் போட மாட்டார்கள் என்றாரே, அந்த மனுஷனுக்கு ஞாயிற்றுக்கிழமை தவறாமல் போன் போடுகிற ஒருத்தி இருந்தாள். ஞானம்பாள்தான். காலையில் போட்டாள், எங்கேஜ்டு. இட்லிக்கு ஊற்றி வைத்துவிட்டுப் போட்டாள், எங்கேஜ்டு. இட்லி வெந்து, தின்று, கை கழுவிவிட்டுப் போட்டாள், அப்போதும் எங்கேஜ்டு. அந்த வகையறாவில் யாரும் போனில் வளவளவென்று பேச மாட்டார்கள். பேசப் பேச பில் ஏறும் என்ற பயம். ஒரு வீட்டுப் போன் காலையிலிருந்து எங்கேஜ்டு என்றால் அதற்கு ஒரே அர்த்தம்தான்: துட்டி, அதாவது சாவுச் சேதி, சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். போன வாரம்தான் அண்ணாச்சி நெஞ்சு கரிக்கிறது என்று வேறு சொல்லியிருந்தார்.

ஞானம்பாளுக்கு அழுகை பாதி, ஆத்திரம் பாதி. ஊருக்கெல்லாம் சொல்கிறார்கள், கூடப் பிறந்தவள் மாதிரி இருந்தவளுக்குச் சொல்லவில்லையே, மாடியில் இருக்கிற மகன்கூடச் சொல்லவில்லையே! திருச்செந்தூரில் இருக்கும் சித்தப்பா வீட்டுக்குப் போட்டு, "அண்ணாச்சி நம்மள விட்டுட்டுப் போயிட்டாவளே" என்றாள். அவர்கள் கோவில்பட்டிக்குச் சொன்னார்கள். கோவில்பட்டி மதுரைக்குச் சொன்னது. ஞானம்பாள் ஒரு வேன் பிடித்து, சொந்தபந்தம் எல்லாரையும் ஏற்றி, வழியில் ஒரு ரோஜாமாலையும் வாங்கிக்கொண்டாள்.

தெருமுனையிலேயே ஒப்பாரி கிளம்பிவிட்டது. முகத்தில் பாதி சவரமும் பாதி நுரையுமாகக் கண்ணாடி முன்னால் நின்ற ஆவுடைநாயகம் எட்டிப் பார்த்தார். சொந்தக்காரிகள் எல்லாரும் தலையை விரித்துப்போட்டு வருகிறார்கள். குடும்பத்தில் யாரோ போய்விட்டார்கள் என்று அவருக்குப் பதறிவிட்டது. யாரென்று கேட்கத் தோன்றவில்லை. நுரையோடு ஓடிவந்து, முன்னால் வந்தவளின் கையைப் பிடித்துக்கொண்டு அவரும் ஓவென்று அழ ஆரம்பித்தார்.

ஐந்தாறு பேர் அவரோடு சேர்ந்து நன்றாக அழுதார்கள். மாலையோடு பின்னால் வந்த ஞானம்பாள்தான் முதலில் வாயை மூடினாள்.

"அண்ணாச்சி!"

"ஏ ஞானம், யாருளா போனது?"

"நீங்கதான் அண்ணாச்சி."

விஷயம் விளங்க நேரமாயிற்று. விளங்கியதும் ஆவுடைநாயகம் போனைப் பார்த்துப் பாய்ந்தார். "மதுரைக்காரன் பஸ் ஏறிருவாம்லா! நான் இருக்கேன்னு சொல்லணும்லா!"

சத்தம் கேட்டு மாடியிலிருந்து இறங்கிய சுகிர்தா கடைசிப் படிகளைத் தாண்டிக் குதித்தாள்.

"மாமா, எடுக்காதிய! முக்கால்வாசி வந்துட்டு! எடுத்தா எல்லாம் போயிரும்!"

"ஏ பிள்ள, நான் செத்துட்டேன்னு ஊரு பூராம் சொல்லிட்டாவ!"

"அதான் காலைலேருந்து செத்துத்தான கெடக்கிய! இன்னும் கொஞ்ச நேரம் செத்திருங்க மாமா!"

சொல்லிவிட்டாள். வந்திருந்த பெண்கள் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டார்கள். அவளுக்குப் பின்னால் இறங்கி வந்த கணேஷ்ராம் உத்தமபுத்திரனாக முன்னே வந்து, "நீங்க எடுங்க மாமா, மனுஷ உசிரவிட இது பெருசா?" என்றான். அவன் முகத்தில் கல்லிடைக்குறிச்சி வீட்டுச் சாப்பாடு தெளிவாகத் தெரிந்தது.

ஆவுடைநாயகம் கையை நீட்டினார். அதற்குள் ஒரு கை ரிசீவரின் மேல் வந்து அழுந்தியது. உளுந்து மாவை உருட்டி உருட்டித் தடித்துப்போன கை.

"இரிங்க அண்ணாச்சி" என்றாள் ஞானம்பாள். பிறகு மருமகளைப் பார்த்தாள். "அங்கன மேல என்னட்டி வருது?"

"ஒரு டாக்டர் பேசினது அத்தை. அத கேட்டு அடிச்சு அனுப்புனா வேல தருவாங்க."

"இல்லன்னா?"

சுகிர்தா மரியாதையாகச் சொல்ல ஒரு வார்த்தை தேடினாள், அகப்படவில்லை.

"இல்லன்னா ஒங்க வீட்டுக்கு வந்து அப்பளம் இடணும். எனக்கு அது வேண்டாம் அத்தை. செத்தாலும் வேண்டாம்."

செத்தவர் உட்பட எல்லாரும் ஞானம்பாளைப் பார்த்தார்கள். ஞானம்பாள் மருமகளை மேலும் கீழும் பார்த்தாள்.

"எங்க வீட்டுக்கா? ஒன்ன யாருட்டி கூப்பிட்டா?"

"நீங்கதான கூப்பிட்டுக்கிட்டே இருக்கியளாம்..."

"நானா?" ஞானம்பாள் மகன் பக்கம் திரும்பினாள். அவன் சுவரில் இருந்த காலண்டரில் திதி பார்த்துக்கொண்டிருந்தான். "வாரம் தவறாம இவம்லா எனக்கு போன் போடுதான், 'சுகிர்தா அங்க வரணும்னு நிக்கா, ஒங்கூட இருக்கணும்ங்கா'ன்னு! எப்படிட்டி வேண்டாம்னு சொல்லன்னு நான் முழிச்சிக்கிட்டு கெடந்தேன். ஒங்க மாமனாருக்கு முப்பது வருஷம் பொங்கிப் போட்டு, இப்பதான் தனியா, எனக்குப் பிடிச்சத நெனச்ச நேரத்துல தின்னுட்டுத் தூங்குதேன். அது பொறுக்கலயா ஒங்களுக்கு? அதுவும் போக, நீ இட்ட அப்பளத்த எவளும் வாங்கலட்டி. வடைன்னு நெனச்சு வச்சிட்டுப் போயிட்டாளுவ."

சுகிர்தாவுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக முட்டிக்கொண்டு வந்தன. இத்தனை நாள் யாருக்குப் பயந்து ஊரெல்லாம் ஓடினாளோ, அந்த மனுஷியும் இவளுக்குப் பயந்துகொண்டுதான் இருந்திருக்கிறாள். அந்தத் தடித்த கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொள்ள வேண்டும்போல இருந்தது. ஆனால் கையை எடுத்தால் ஆவுடைநாயகம் போனை எடுத்துவிடுவார்.

"ஏட்டி, நின்னுக்கிட்டே இருக்க? மேல போயி ஒன் சோலியப் பாரு. ஒன் வேல முடியுத மட்டும் நான் இங்கனதான் இருப்பேன்" என்ற ஞானம்பாள், நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். ரிசீவரின் மேல் வைத்த கை வைத்தபடியே இருந்தது.

"அப்ப நான் உசிரோட இருக்கத யாரு சொல்லுதது?" என்றார் ஆவுடைநாயகம், பரிதாபமாக.

"தெருமுனைல எஸ்டிடி பூத் இருக்குல்லா? இவன் போவான்." மாலையைத் தூக்கி மகன் கையில் கொடுத்தாள். "ஒவ்வொரு வீட்டுக்கா போட்டு, மாமா சாகலன்னு சொல்லிட்டு வாலே. அப்படியே இத பூக்காரிட்ட திருப்பிக் கொடு."

கணேஷ்ராம் மாலையோடு வாசலைத் தாண்டப் போனான். அம்மா மறுபடியும் கூப்பிட்டாள்.

"ஏலே, ஒனக்கு அங்க வந்து இருக்கணும்னு அம்புட்டு ஆச இருந்தா, நீ மட்டும் வா. அப்பளம் இட ஒரு ஆளு கொறையுது."