பங்காளி ரத்தம்

பூங்குழலி செஞ்சியில் வந்து இறங்கியபோது, சுந்தரமூர்த்தி வீட்டுப் பந்தலில் இருபதுக்கும் மேற்பட்ட ஆண்கள் சட்டைக் கையைச் சுருட்டிவிட்டுக் காத்திருந்தார்கள். அவளுக்கு வேண்டிய ஒருவர்கூட அவர்களில் இல்லை.

அவள் போனில் கேட்டது அந்த வீட்டு மருமகள் கலைவாணியின் அம்மாவை, தங்கையை, தம்பியை. மாமனார் சுந்தரமூர்த்தி கூட்டி வைத்திருந்தது தன் பங்காளிகளை.

கலைவாணியின் மகன் இனியனுக்கு ஆறு வயது. வாசலைத் தாண்டுவதற்குள் களைத்து உட்கார்ந்துவிடுவான். நம் செல்களுக்குள் மைட்டோகாண்ட்ரியா என்ற நுண்ணிய அடுப்புகள் உண்டு. தின்ற சோற்றைச் சக்தியாக மாற்றுபவை அவைதான். இனியனுக்கு அவை சரியாக எரிவதில்லை. அந்த அடுப்புகளுக்கென்று தனியாகச் சிறிது மரபணு இருக்கிறது. அதில் ஒரு மாற்றத்தைப் பூங்குழலியின் சென்னை ஆய்வகம் கண்டுபிடித்தது. கலைவாணிக்கும் அதே மாற்றம் இருந்தது. நோய்க்குக் காரணம் அதுதானா, அல்லது அவள் தாய்வழியில் எல்லோருக்கும் இருக்கிற, கெடுதல் இல்லாத மச்சம் போன்ற ஒன்றா? காரணம் அதுதான் என்றால் அவளுக்குப் பிறக்கும் எல்லாப் பிள்ளைகளுக்கும் போய்ச் சேரும். அவளுக்கு இப்போது ஐந்தாம் மாதம்.

சம்பந்தி வீட்டாரை ரத்தம் கொடுக்கக் கூப்பிட்டால் அவர்கள்மேல் பழி போட்டதாகிவிடும், அது முறையல்ல என்றார் சுந்தரமூர்த்தி. வம்சத்து நோய்க்கு வம்சத்து ரத்தம்தானே வேண்டும்? சாவுத் தீட்டு காக்கிறவன்தானே வம்சம்? அதனால் எல்லோரையும் வெறும் வயிற்றோடு வரச் சொல்லியிருந்தார்.

“வெறும் வயிறு நான் கேக்கவே இல்லீங்களே.”

“ரத்தம்னா அப்டித்தான டாக்டரம்மா,” என்றார் மூத்த பங்காளி பெரியதம்பி. “காத்தாலேந்து ஒரு டீகூட இல்ல. சீக்கிரம் குத்திட்டீங்கன்னா இட்லிக்குப் போவோம்.”

தான் வைத்தியம் பார்க்கும் டாக்டர் இல்லை, ஆராய்ச்சி செய்கிறவள் என்று சொல்வதை அவள் எப்போதோ விட்டுவிட்டாள். விஷயத்தை மட்டும் விளக்கினாள். முதல் தடவை, இது சர்க்கரை வியாதியா என்று ஒருவர் கேட்டார். இரண்டாம் தடவை இன்னொருவர் அதையே கேட்டார். மூன்றாம் தடவை சீரை உதாரணம் காட்டினாள். குடித்தனத்துக்கு அடுப்பு பெண் வீட்டுச் சீராக வருவதுபோல, பிள்ளைக்கு இந்த அடுப்பு தாயின் கருமுட்டையில்தான் வருகிறது. தகப்பன் பக்கத்திலிருந்தும் சில வரும். முட்டை அவற்றை உள்ளேயே அழித்துவிடும்.

இந்தத் தடவை எல்லோருக்கும் புரிந்தது.

“அப்ப குறை எம் மருமவ கொண்டாந்த சீருலன்றீங்க,” என்றார் சுந்தரமூர்த்தி.

பூங்குழலிக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. குறை எங்கே என்று தெரியாமல்தான் வந்திருப்பதாகச் சொன்னாள். கலைவாணியின் வீட்டாரை இப்போதாவது கூப்பிட முடியுமா என்று கேட்டாள். தங்கை மகாலட்சுமிக்கு அவலூர்பேட்டையில் சம்பந்தம் பேசுகிறார்கள், இந்த நேரத்தில் ஊசி என்றால் வரமாட்டார்கள் என்று பதில் வந்தது.

உள்ளேயிருந்து கலைவாணி வந்தாள். “மாமா, பங்காளிங்கள ஏத்தினு வந்த வண்டிய ஓட்டுனவன் யாரு?”

தெருவில் நின்ற மினி லாரியில் அவள் தம்பி பார்த்திபன் உட்கார்ந்திருந்தான். சம்பந்தி வீட்டுக்காரன் கூப்பிடாமல் பந்தலுக்குள் வரக்கூடாதென்று வண்டியிலேயே இருந்துவிட்டான்.

“அவன் ஆம்பளயாச்சே,” என்றார் பெரியதம்பி. “தாய் வழின்னீங்க?”

“ஆம்பளைக்கும் அம்மா உண்டுங்க,” என்றாள் பூங்குழலி. குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது. அவனுக்கும் அதே அடுப்புதான்; அவன் பிள்ளைகளுக்குத்தான் அதைக் கொடுக்க முடியாது என்று சொல்லி முடித்தாள்.

பார்த்திபன் தயங்கித் தயங்கி வந்தான். வழியில் பூரி சாப்பிட்டுவிட்டதாக ஒப்புக்கொண்டான். அதனால் ஒன்றுமில்லை என்று பூங்குழலி அவனை உட்காரவைத்தாள். நெல் மூட்டை தூக்கித் தூக்கி முறுக்கேறிய கை. நரம்பு தேடவே வேண்டியிருக்கவில்லை.

“இவனுக்கும் அது இருந்தா நல்லதா, இல்லாட்டி நல்லதா?” என்று கேட்டாள் கலைவாணி.

அன்று பூங்குழலியின் காதில் விழுந்த முதல் சரியான கேள்வி. “இருந்தா நல்லது. அத்த வச்சிகினு இவர் மூட்ட தூக்கறாருன்னா, அதுமேல தப்பு இருக்காது.”

“அப்ப வேற எதுமேல?” என்றார் சுந்தரமூர்த்தி.

“வேற மரபணுவுல இருக்கலாம். அம்மாகிட்டேந்து ஒண்ணு, அப்பாகிட்டேந்து ஒண்ணு, ரெண்டும் கெட்டதா சேந்து வந்தாத்தான் நோவு. அப்படீன்னா வயித்துல இருக்கறதுக்கு நாலுல மூணு பங்கு நல்லா இருக்க வாய்ப்பு. அதுக்கு உங்க பையன் ரத்தமும் வேணும்.”

சுந்தரமூர்த்தி பங்காளிகளைப் பார்த்தார். பிறகு மகன் பக்கம் திரும்பினார்.

“ஆனந்து, ஒக்காரு. மொதல்ல உன்னுத எடுக்கட்டும்.”

கலைவாணி கணவன் ஆனந்தராஜின் சட்டைக் கையைத் தானே மடித்துவிட்டாள்.